கியர் ஹெட் (பல்சக்கரத்தால் அசையும் முக்காலித் தலை) பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பழைய வீடுகளின் உட்புறங்களைப் படம் எடுக்கிறேன், பெரும்பாலும் 24 எம்எம் லென்ஸ்தான். இதுவரை முக்காலியில் பால் ஹெட்டை, அதாவது உருண்டை மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் தலையை வைத்துச் சமாளித்தேன், இனி முடியாது என்று தோன்றுகிறது.

போன வாரம் ஒரு முற்றத்தில் எட்டு மரத்தூண்கள். கேமராவின் மட்டம் காட்டும் கோடு பச்சையானதும் திருகை இறுக்கினேன், கையை எடுத்ததும் முன்பக்கம் மயிரிழை அளவு தாழ்ந்துவிட்டது, அவ்வளவுதான், தூண்கள் எல்லாம் சரிந்து நிற்கின்றன. முன்சாய்வைச் சரிசெய்யப் போனால் பக்கச்சாய்வு போய்விடுகிறது. இப்படியே இருபது நிமிடம், அதற்குள் ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த வெயில் நகர்ந்துவிட்டது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

கியர் ஹெட்டில் மூன்று அச்சுக்கும் தனித்தனிக் குமிழ், ஒன்றைத் திருப்பினால் மற்றது அசையாது என்பது தெரியும். என் பார்வையில் இரண்டு: மான்ஃப்ரோட்டோ 410, பென்ரோ ஜிடி3டபிள்யூஹெச். முன்னது சுமார் 1.2 கிலோ, கேமராவை அதில் பொருத்தும் பிளேட்டும் தனி வகை. என்னிடம் இருப்பதெல்லாம் ஆர்க்கா வகை பிளேட், அது பென்ரோவில் பொருந்தும், அதனால் பென்ரோ பக்கம்தான் மனம் சாய்கிறது.

பழைய 410 வாங்கினால் பல்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிச் சோதிப்பது? கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் நாளடைவில் தளர்கிறதா? அப்புறம், உள்ளே புகும் தூசியை எப்படித் துடைக்கிறீர்கள்? வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் சொன்னால் நம்பி வாங்குவேன், அடுத்த மாதம் இன்னொரு வீடு எடுக்க வேண்டும்.