டெபொசிஷனுக்குப் போகாததற்காக வழக்கையே தள்ளுபடி செய்யக் கோருகிறார்கள்: உதவி தேவை

கேட்டவர்: எடிசன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். 2022 அக்டோபரில் நியூஜெர்சி டர்ன்பைக்கில் என் காரின் பின்புறம் ஒரு சரக்கு லாரி மோதியதில் கழுத்து டிஸ்க் பிதுங்கி, இன்றுவரை இடது கையில் மரத்துப்போன உணர்வு நீங்கவில்லை. லாரி பென்சில்வேனியா நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது. 2024 ஜூனில் மாநில நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தோம். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர், கோரும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்ற அடிப்படையில் பிரதிவாதி தரப்பு அதை நியூவார்க்கில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டது.

என் டெபொசிஷன், அதாவது விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்கு நான் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டிய அமர்வு, முதலில் டிசம்பரில் வைக்கப்பட்டு, என் சிகிச்சைக்காக ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த தேதி 2025 பிப்ரவரி 18. பிப்ரவரி 9 அன்று கும்பகோணத்தில் என் தாயாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, மறுநாளே நான் விமானம் ஏறினேன். புறப்படும் முன் என் வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அங்கிருந்த உதவியாளரிடம் விவரம் சொன்னேன், "பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அந்தச் சொல்லை நம்பி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மாவைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருந்துவிட்டேன்.

இப்போது எதிர்த்தரப்பு மனுவின் நகல் வந்திருக்கிறது. அதனுடன் நான்கு பக்கப் பதிவு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. காலை 10 மணிக்குத் தொடங்க வேண்டிய டெபொசிஷனுக்கு வாதி வரவில்லை, 10.45 வரை காத்திருந்தோம், எந்தத் தகவலும் இல்லை என்று பிரதிவாதியின் வழக்கறிஞர் சொல்லச் சொல்ல, கோர்ட் ரிப்போர்ட்டர் எழுதியிருக்கிறார். என் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அன்றைய செலவு முழுவதையும் நான் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மனு நீதிபதியின் முன் வரும் நாள் ஏப்ரல் 7. நான் இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறேன். தாய்க்கு உடல்நலமில்லை என்பது போதுமான காரணம் இல்லையா? உண்மையிலேயே வழக்கு போய்விடுமா?

பதில்: சட்ட உதவியாளர், டிரென்டன்

சகோதரி, முதலில் உங்கள் தாயார் நலம்பெற வேண்டும். நான் வழக்கறிஞன் அல்லன். காய இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் அலுவலகத்தில் பாராலீகலாகப் பல ஆண்டுகள் வேலை செய்து கண்டதைச் சொல்கிறேன். முடிவு உங்கள் வழக்கறிஞருடையதும் உங்களுடையதும்தான்.

ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதிகளில் 37(டி) என்ற பிரிவுதான் உங்களுக்கு எதிராகக் காட்டப்படுகிறது. முறையான அறிவிப்பு பெற்ற வழக்குத் தரப்பினர் தம் டெபொசிஷனுக்கு வராவிட்டால், அதற்கு முன் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் தண்டனை விதிக்கலாம் என்கிறது அது. பலரும் தடுமாறும் இடம் இதுதான்: உத்தரவை மீறவில்லையே என்ற வாதம் இங்கே உதவாது. சில விவரங்களை நிரூபிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வது, சில சாட்சியங்களைத் தடுப்பது, வழக்கை நிறுத்திவைப்பது எனத் தொடங்கித் தள்ளுபடி வரை அந்தத் தண்டனைகள் நீள்கின்றன. இவற்றுக்குப் பதிலாகவோ இவற்றோடு சேர்த்தோ, வராததால் ஏற்பட்ட நியாயமான செலவை, வழக்கறிஞர் கட்டணம் உட்பட, கட்டச் சொல்லியே ஆக வேண்டும். வராததற்குத் தக்க நியாயம் இருந்தாலோ, அத்தகைய உத்தரவு அநீதியாகும் சூழ்நிலை இருந்தாலோ மட்டும் விலக்கு உண்டு. உங்கள் தாயாரின் நோய் பொருந்துவது அந்த விலக்கில்தான்.

அந்தக் காரணம் மனிதத்தன்மையுள்ள எவருக்கும் போதுமானதே. நீதிமன்றம் இன்னொரு கேள்வியும் கேட்கும்: 10ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் இடையே எட்டு நாள் இருந்தபோது, எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு வரிகூடப் போகவில்லை? தவறு உங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தாலும் அதன் பாரம் உங்கள் மேலும் விழலாம். 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த லிங்க் எதிர் வாபாஷ் ரயில் நிறுவனம் என்ற வழக்கைப் பாருங்கள். கார் மீது ரயில் மோதியதில் காயமடைந்தவர் தொடுத்த வழக்கு அது. விசாரணைக்கு முன் நீதிபதி நடத்தும் கூட்டத்துக்கு அவருடைய வழக்கறிஞர் வரவில்லை. வர இயலாது என்று அன்று காலை நீதிபதியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தும் வழக்கு தள்ளுபடியானது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தவர் கட்சிக்காரர், ஆகவே அவருடைய செயலின் விளைவைத் தாங்க வேண்டியவரும் அவரே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆயினும் சட்டம் இன்றும் அதுதான்.

இனி நம்பிக்கை தரும் பகுதி. நியூஜெர்சி மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறது. அங்கே 1984இல் பூலிஸ் என்பவரின் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, இத்தகைய குற்றச்சாட்டுக்காக வழக்கைத் தள்ளுபடி செய்யும் முன் ஆறு விஷயங்களை எடைபோட வேண்டும்: தவறில் கட்சிக்காரருக்கு நேரடிப் பொறுப்பு உண்டா, எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு, தாமதம் வழக்கமாக நடந்ததா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா, இதைவிடச் சிறிய தண்டனை போதாதா, வழக்கில் சாரம் உண்டா. இந்த ஆறையும் உங்கள் நிலையோடு வைத்துப் பார்த்தால், நேரடிப் பொறுப்பும் வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வியும் பெரிதும் உங்கள் பக்கமே நிற்கின்றன. டிசம்பரில் ஒருமுறை தள்ளிப்போனதை அவர்கள் தாமத வரலாறு என்று காட்டுவார்கள். அது இருதரப்பு ஒப்புதலோடு நடந்ததா என்பதைக் கண்டறியுங்கள். 2008இல் பிரிஸ்கோ என்பவரின் வழக்கில், அத்தகைய கூட்டத்துக்கு வராத காரணத்துக்காகச் செய்யப்பட்ட தள்ளுபடியை அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. பூலிஸ் வழக்கிலேயோ, தவறு வழக்கறிஞருடையது என்று தெரிந்தும் தள்ளுபடி உறுதியானது. ஆகவே அச்சப்பட்டு ஒடுங்கவும் வேண்டாம், அலட்சியமாக இருந்துவிடவும் வேண்டாம்.

உங்களுக்குக் கூடுதலான ஆபத்து ஒன்று உண்டு. நியூஜெர்சியில் காய வழக்குக்கான காலவரம்பு 2 ஆண்டு. உங்களுக்கு அது 2024 அக்டோபரிலேயே கடந்துவிட்டது. இந்த வழக்கு தள்ளுபடியானால் புதிதாகத் தொடுக்க வழியில்லை என்பதை எதிர் மனுவில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கேட்டவர்: எடிசன் வாசகி

ஐயா, நன்றி. இரண்டு முறை வாசித்த பின்பே மூச்சு சீரானது. என் வழக்கறிஞரிடம் நேற்றிரவு பேசினேன். "நீங்கள் சொன்னது எனக்கு வந்து சேரவில்லை" என்கிறார். நான் அழைத்ததற்குக் கைப்பேசியில் பதிவு இருக்கிறது. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் உதவியாளருக்குப் பயணச்சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தேன், இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கின்றன. இதை நீதிமன்றத்தில் காட்டினால் என் வழக்கறிஞரையே நான் காட்டிக்கொடுத்ததாகிவிடாதா? இங்கிருந்தே காணொளி வழியாக டெபொசிஷன் கொடுத்துவிட முடியுமா?

பதில்: பிஸ்கடவே அம்மா

மகளே, ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் கணவர் கடைப் படியில் வழுக்கி விழுந்த வழக்கில் நாங்களும் இதே நிலையில் நின்றோம். தேதியை நான் நாட்காட்டியில் தவறாகக் குறித்திருந்தேன். சொல்லிக்கொள்ள உன்னுடையதைப் போன்ற காரணமும் இல்லை. எங்கள் வழக்கறிஞர் அடுத்த நாளே மூன்று மாற்றுத் தேதிகளை எழுதி எதிர்த்தரப்புக்கு அனுப்பினார். கோர்ட் ரிப்போர்ட்டரின் கட்டணத்தையும் அந்த வழக்கறிஞரின் சில மணிநேரக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள்; கடன் வாங்கிக் கட்டினோம். வழக்கு நிலைத்தது. ஆகையால் நீ ஊர் திரும்பும் தேதியை உறுதி செய்து, அதற்குப் பின்வரும் நாட்களை இன்றே எழுத்தில் கொடு. மனு நீதிபதியின் முன் வரும்வரை சும்மா இருந்து, வந்த பிறகு அழுதால் நீதிபதிக்கு அது வேறு மாதிரி தெரியும்.

பதில்: சட்ட உதவியாளர், டிரென்டன்

அம்மா சொன்னதே முதல் வேலை, சகோதரி.

வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி நீங்கள் கேட்டது இந்த விவகாரத்தின் நடுநரம்பு. 37(டி) விதியின்படி செலவைக் கட்சிக்காரர் மீதோ, அவருக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் மீதோ, இருவர் மீதுமோ சுமத்தலாம். எனவே இந்த ஒரு கேள்வியில் உங்கள் நலனும் உங்கள் வழக்கறிஞரின் நலனும் ஒன்றல்ல. நீங்கள் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை; நடந்ததைச் சொல்கிறீர்கள். அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பி, எதிர் மனுவில் இணைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தாலோ மழுப்பினாலோ, உடனே வேறொரு வழக்கறிஞரிடம் தனியாகக் கருத்துக் கேளுங்கள். அலுவலகத்தின் பிழை உண்மையென்றால், கண்ணியமான வழக்கறிஞர் தாமே பிரமாணம் எழுதி அதை ஒப்புக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் அதுவே வழக்கைக் காப்பாற்றுகிறது.

நேரம் குறைவு. இந்த மாவட்ட நீதிமன்றத்தில் எதிர் மனுவை மனு நாளுக்கு 14 நாள் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் 7 என்றால் மார்ச் 24. மேலும் உள்ளூர் விதி 37.1, இத்தகைய தகராறுகளை வழக்கறிஞர்கள் முதலில் தமக்குள் பேசித் தீர்க்க முயல வேண்டும், முடியாவிட்டால் கடிதம் அல்லது தொலைபேசி வழியாக மாஜிஸ்திரேட் நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும், அதன் பிறகே முறையான மனு என்கிறது. எதிர்த்தரப்பு அந்தப் படிகளைக் கடந்து வந்ததா என்று உங்கள் வழக்கறிஞர் சரிபார்க்கட்டும்.

உங்கள் பிரமாண வாக்குமூலத்தை நீங்களே உங்கள் சொற்களில் எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பது போதும். துயரத்தை விரித்து எழுத வேண்டாம், மருத்துவமனைக் குறிப்பு அதைச் சொல்லிவிடும். அந்தக் குறிப்பு, போர்டிங் பாஸ், அழைப்புப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். ஒரு சிறிய விவரம் பலருக்குத் தெரிவதில்லை: நோட்டரி இல்லாமலே ஃபெடரல் நீதிமன்றத்தில் இத்தகைய வாக்குமூலம் செல்லும், ஆனால் நாட்டுக்கு வெளியே இருந்து கையெழுத்திட்டால் "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்" என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர் உறுதிமொழியில் கட்டாயம் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் இருந்து கையெழுத்திடுவதால் அந்த வரி விடுபடாமல் பாருங்கள்.

காணொளி டெபொசிஷனை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ விதி 30(பி)(4) அனுமதிக்கிறது. ஆனால் அந்த விதியே, நீங்கள் எங்கே அமர்ந்து பதில் சொல்கிறீர்களோ அங்கேதான் டெபொசிஷன் நடப்பதாகக் கொள்கிறது. வெளிநாட்டில் வாக்குமூலம் எடுக்க விதி 28(பி) தனி வழிகளைச் சொல்கிறது. ஒரு நாட்டின் வழக்குக்கு இன்னொரு நாட்டில் சாட்சியம் திரட்டுவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு. எனவே கும்பகோணத்து வீட்டிலிருந்து கணினியைத் திறந்து பேசிவிடலாம் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். திரும்பி வந்து நேரில் கொடுப்பதே பாதுகாப்பு.

கேட்டவர்: எடிசன் வாசகி

மார்ச் 12க்குத் திரும்பும் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். என் தங்கை சென்னையிலிருந்து வந்து அம்மாவுடன் இருப்பாள். மார்ச் 17, 18, 20 ஆகிய மூன்று நாட்களையும் என் வழக்கறிஞர் இன்று எதிர்த்தரப்புக்கு எழுதியிருக்கிறார், நகல் எனக்கும் வந்தது. வாட்ஸ்அப் செய்தியை இணைக்கவும் சம்மதித்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் பேச வரும், ஆனால் வலியைப் பற்றிக் கேட்டால் தமிழ்தான் வாயில் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இன்னொரு தாமதம் என்பார்களா?

பதில்: சட்ட உதவியாளர், டிரென்டன்

தேதியை முடிவு செய்யும் அதே கடிதத்தில் கேட்டுவிட்டால் தாமதம் என்று சொல்ல இடமில்லை. டெபொசிஷன் பொதுவாக ஒரே நாளில் 7 மணி நேரம் வரை நீளலாம்; அத்தனை நேரம் கழுத்து வலியோடு அந்நிய மொழியில் பதில் சொல்வது எளிதல்ல. தலையசைப்பு பதிவில் ஏறாது, வாய்திறந்து சொல்லுங்கள். டெபொசிஷன் முடியும் முன், அதன் எழுத்துப்படியைப் பார்வையிட விரும்புவதாகக் கேட்டுவைத்தால், அது தயாரானதாக அறிவிப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருத்தங்களைக் காரணத்தோடு தரலாம். அன்று காலை 10 மணி என்றால் நீங்கள் 9.30க்கே அந்த அறையில் இருங்கள்.