விரைதடம்: பெய்ஜிங்–குவாங்சோ கட்டுரைக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சீனத்தின் பெய்ஜிங்–குவாங்சோ ரயில் தடம் பற்றி நாம் எழுதும் கட்டுரையில் 'high-speed rail' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை 'அதிவேக ரயில்', 'மீவிரைவுத் தொடர்வண்டி', 'உயர்வேக இருப்பூர்தி', 'புல்லட் ரயில்' என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்கு ஒரே இடத்தில் இடிக்கின்றன. எல்லாமே வண்டிக்குப் பெயர் வைக்கின்றன, நாம் எழுதப்போவதோ தடத்தைப் பற்றி.

இது வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பெய்ஜிங்குக்கும் குவாங்சோவுக்கும் இடையில் இரண்டு ரயில் பாதைகள் இருக்கின்றன. பழைய பாதை துண்டு துண்டாகப் பிறந்தது: வடக்கே பெய்ஜிங்கிலிருந்து ஹான்கோ வரை 1906-இல் முடிந்தது, தெற்கே குவாங்சோவிலிருந்து வூச்சாங் வரை 1936-இல் முடிந்தது, இன்று வூஹான் நகரின் பகுதிகளான அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் யாங்சி ஆறு படுத்திருந்ததால் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள், 1957-இல் வூஹானில் பாலம் வந்தபிறகுதான் அது ஒரே பாதையானது. புதிய பாதை 2298 கி.மீ. அதுவும் துண்டு துண்டாகத்தான் வந்தது. வூஹான்–குவாங்சோ 2009 டிசம்பர் 26, ஜெங்சோ–வூஹான் 2012 செப்டம்பர், பெய்ஜிங்–ஜெங்சோ 2012 டிசம்பர் 26. பழையதில் நல்ல விரைவு வண்டிக்கே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதியது முழுதாகத் திறந்த அன்றே சுமார் 8 மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கியது. பழையதை யாரும் மூடிவிடவில்லை. பயணிகள் கூட்டம் புதியதற்குப் போனதும் அதில் சரக்கு ரயிலுக்கு இடம் கிடைத்தது, இந்தப் புதுத் தடத்தைப் போட்டதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

இப்போது கட்டுரைக்கு 'பெய்ஜிங்–குவாங்சோ அதிவேக ரயில்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். வைகை, பல்லவன் மாதிரி ஏதோ ஒரு வண்டியின் பெயர் என்றுதான் நம் வாசகர் நினைப்பார். இரண்டாவது பத்தியிலேயே 'இந்த ரயில் 2298 கி.மீ. நீளமுடையது' என்று வரும். சிரிக்க மாட்டார்களா?

'அதிவேக' என்பதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது ஏற்கெனவே செலவாகிவிட்ட சொல். இந்திய ரயில்வேயில் சராசரி வேகம் 55 கி.மீ.யைத் தொட்டாலே அது சூப்பர்ஃபாஸ்ட், தமிழில் அதிவிரைவு வண்டி. வந்தே பாரத்தையும் செய்தித்தாள்கள் அதிவேக ரயில் என்றே எழுதுகின்றன. இலங்கையில் சாலைக்கே அதிவேக நெடுஞ்சாலை என்றுதான் பெயர். 55-க்கும் வந்தே பாரத்தின் 160-க்கும் சீனத்தின் 350-க்கும் ஒரே சொல் என்றால் அது கலைச்சொல்லாக இருக்காது, பாராட்டுச்சொல்லாகத்தான் இருக்கும். அதி போதாது மீ போடுவோம் என்றால், நாளைக்கு காந்தத்தில் மிதந்து போகிற ஷாங்காய் வண்டிக்கு எந்த முன்னொட்டைத் தேடுவது?

புல்லட் ரயில் எல்லோருக்கும் புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 1964-இல் ஓடத் தொடங்கிய ஜப்பான் வண்டிக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஜப்பானியர் புழங்குகிற ஷின்கான்சென் என்ற பெயருக்கு 'புதிய முதன்மைத் தடம்' என்று பொருள். அவர்கள் தடத்துக்குத்தான் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வண்டிக்கு டிஜிவி, தடத்துக்கு எல்ஜிவி என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். சீனத்தில் அன்றாடம் சொல்வது 'காவ்தியே'. அது 'காவ்சு தியேலு' என்பதன் சுருக்கம், தியேலு என்றால் இரும்புப் பாதை, அதாவது நம் இருப்புப்பாதையேதான். நாம் பழசு என்று பரணில் போட்டுவிட்ட சொல்லின் இரட்டைப்பிறவியை அவர்கள் தினமும் டிக்கெட் எடுக்கும்போது சொல்கிறார்கள்.

சரி, அந்தத் தடத்தில் அப்படி என்ன தனி என்று கேட்டால், எல்லாமே தனி. 350 கி.மீ. வேகத்துக்குக் கட்டிய சீனத் தடங்களில் வளைவின் ஆரம் பொதுவாக 7000 மீட்டருக்குக் குறையாது. அவ்வளவு பெரிய வளைவை வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைய முடியாது. அதனால்தான் ஜெங்சோ கிழக்கு, சாங்ஷா தெற்கு, குவாங்சோ தெற்கு என்று திசைப்பெயரோடு புது நிலையங்கள் ஊருக்கு வெளியே முளைத்தன. லெவல் கிராசிங் ஒன்றுகூடக் கிடையாது. சிக்னல் கம்பத்தைப் பார்த்து ஓட்டுகிற வேகம் இல்லை என்பதால் உத்தரவு ஓட்டுநர் அறைத் திரைக்கே வந்துவிடும். நம் பாதைகளில் ஜல்லி, அதன்மேல் சிலிப்பர் கட்டை, அதன்மேல் தண்டவாளம் இருக்கும். வண்டி போகப்போக ஜல்லி இளகும், கேங்மேன்கள் வந்து இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். 300 கி.மீ.யைத் தாண்டும்போது வண்டி கிளப்பும் காற்றில் ஜல்லியே எகிறி அடியில் அடிக்கும் ஆபத்து உண்டு. அங்கே பெரும்பாலும் ஜல்லியே இல்லை, கான்கிரீட் படுகையின்மேல் நேராகத் தண்டவாளம். அதுவும் 100 மீட்டர் துண்டுகளை ஐந்தைந்தாகப் பற்றவைத்து 500 மீட்டராகக் கொண்டுவந்து, பதித்தபின் அவற்றையும் பற்றவைத்துவிடுகிறார்கள். நமக்குப் பழக்கமான தடக் தடக் சத்தத்துக்கு அங்கே இடுக்கே கிடையாது.

வண்டிகள் முதலில் வெளியிலிருந்து வந்தவை, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் வடிவமைப்புகளை வாங்கித்தான் தொடங்கினார்கள். வடிவமைப்பை விலைக்கு வாங்கலாம். தடத்தை மட்டும் அவரவர் மண்ணில்தான் போட்டாக வேண்டும்.

'உயர்வேகம்' என்ற பரிந்துரை பொருளளவில் சரிதான், ஆனால் நடைமுறையில் அது சுருங்கி 'உயர்தடம்' ஆகும். சென்னை மெட்ரோ வந்தபிறகு உயர்மட்டப் பாதை என்றால் தூண்மேல் போகிற பாதை. சீனத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அங்கே தடங்கள் உண்மையிலேயே தூண்மேல் போகின்றன. பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தின் 1318 கி.மீ.யில் ஐந்தில் நான்கு பங்கு பாலந்தான். அதில் தான்யாங்–குன்ஷான் பாலம் ஒன்றே 164 கி.மீ. ஆற்றைத் தாண்டுவதற்காக அவ்வளவு நீளமில்லை, கீழே வயலும் குளமும் கால்வாயுமான இளகிய நிலம், மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அமிழும், விளைநிலமும் போகும். எனவே உயரம் வேறு, வேகம் வேறு என்று காட்டுகிற சொல்லாக வேண்டும்.

என் பரிந்துரை 'விரைதடம்'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நேற்று விரைந்ததும் இன்று விரைவதும் நாளை விரையப்போவதும் அதற்குள் அடக்கம். விரைதட ரயில், விரைதட நிலையம் என்று குட்டிபோடும். தலைப்பில் அடங்கும். முக்கியமாக, வேறு எதற்கும் இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்.

---

அண்ணா, வணக்கம்.

தடத்துக்குத்தான் பெயர் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. சொல்லில்தான் தகராறு.

முதலாவது, விரை. விரைந்து போவது மட்டும்தானா விரை? விதைக்கும் அதே சொல், உடம்பில் இன்னொன்றுக்கும் அதே சொல். இந்தக் குழுவில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஏன் இன்னும் பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது வந்தால் பின்வரிசையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் இலங்கைப் பக்கம் 'கடுகதி' என்று அருமையான சொல் இருக்கிறது, எக்ஸ்பிரஸ் ரயிலைக் கடுகதிப் புகையிரதம் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். கடுகதித் தடம் என்றால் என்ன குறை?

இரண்டாவது, தடத்தையும் வண்டியையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். சீனத்தில் 2007 ஏப்ரல் 18 அன்று பழைய பாதைகளிலேயே, பெய்ஜிங்–குவாங்சோ பழைய பாதையும் அதில் அடக்கம், சிஆர்எச் என்ற புது வகை வண்டிகளை 200 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டார்கள். அப்போது அது விரைதடம் இல்லையா? புதுத் தடத்திலும் எண்ணுக்கு முன் ஜி எழுத்து போட்ட மிக வேகமான வண்டி மட்டும் ஓடவில்லை, அதைவிட வேகம் குறைந்த டி எழுத்து வண்டியும் ஓடுகிறது, படுக்கை வசதியுள்ள இரவு வண்டிகூட உண்டு. அதையும் விரைதட ரயில் என்பீர்களா?

மூன்றாவது, வேகமே நிலையாக இல்லையே. வூஹான்–குவாங்சோ 350-இல் ஓடத் தொடங்கியது. 2011 ஜூலை 23-இல் கிழக்குச் சீனத்தின் வென்சோவில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்த, இல்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டியின் பின்னால் மோதி 40 பேர் இறந்துபோனார்கள், மின்னல் தாக்கி சிக்னல் கருவி பிசகியது. அந்த மாதத் தொடக்கத்திலேயே வூஹான்–குவாங்சோவில் 300 ஆக்கியிருந்தார்கள், விபத்துக்குப் பிறகு நாடு முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள், மிச்சமிருந்த 350-களும் 300 ஆயின. அந்த வருடங்களில் பெயரையும் குறைத்திருக்க வேண்டுமா?

---

தம்பிக்கு,

மூன்றாவதிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அது எனக்காக நீங்களே வாதாடிக் கொடுத்தது. 2011-இல் வேகத்தைக் குறைத்தார்கள், பெய்ஜிங்–ஷாங்காயில் 2017 செப்டம்பரில் 350 ஆக்கினார்கள், பெய்ஜிங்–வூஹான் பகுதியில் 2022 ஜூனில். இடையில் தடம் மாறியதா? அதே வளைவு, அதே கான்கிரீட், அதே பாலம். கால அட்டவணை மட்டும் மாறியது. வேகத்தை வைத்து வண்டிக்குப் பெயரிட்டிருந்தால் ஒவ்வொரு அட்டவணைக்கும் பெயர் மாற்ற வேண்டும். எந்த வேகத்துக்குக் கட்டினார்கள் என்பதை வைத்துத் தடத்துக்குப் பெயரிட்டால் அந்தத் தொல்லை இல்லை. உலக ரயில்வே சங்கமான யூஐசியும் புதுத் தடம் என்றால் 250 கி.மீ., பழையதை மேம்படுத்தியிருந்தால் 200 கி.மீ. என்றுதான் பொதுவாக அளவுகோல் வைத்திருக்கிறது.

வென்சோ பற்றி ஒரு சின்ன விஷயம், அன்றைக்கு மோதிய இரண்டும் டி எழுத்து வண்டிகள், தடமும் 250 கி.மீ. வகை. உலகப் பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் 350 தடங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வந்தது. அதற்கு நம் கட்டுரையில் தனிப் பத்தி வேண்டும் என்று நினைக்கிறேன், குறிப்பாக இறந்தவர்களைத் தேடி முடிப்பதற்குள் நொறுங்கிய ரயில் பெட்டியைக் குழிதோண்டிப் புதைத்தது மக்களை எவ்வளவு கொதிக்க வைத்தது என்பதை விட்டுவிட்டு வளைவின் ஆரத்தை மட்டும் எழுதினால் அது விளம்பரக் கட்டுரை.

2007 வண்டிகளுக்கு சீனர்கள் டி எழுத்து கொடுத்தார்கள், 'தோங்சே' என்றார்கள். காவ்தியே என்று கூப்பிடவில்லை. பழைய தடத்தில் நல்ல வண்டி ஓடினால் அது நல்ல வண்டி, அவ்வளவுதான். ஆகவே விரைதட ரயில் என்பதை ஜி வண்டிக்கு வைத்துக்கொள்வோம். டி வண்டியை 'டி வகை' என்றே எழுதுவோம், எதற்கும் தமிழ் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற நேர்த்திக்கடன் நமக்கில்லை.

கடுகதி அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவி ரயிலையே கடுகதி என்று சொல்லிப் பழகிவிட்டீர்கள். அதிவேகத்துக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்தது இதற்கு உங்கள் ஊரில் நேர்ந்திருக்கிறது.

விரையைப் பற்றி: 'விரைந்து வா' என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை, விரைவுப் பேருந்தில் ஏறும்போதும் இல்லை. தடம் என்று அடுத்த சொல் வந்ததுமே பொருள் தெளிந்துவிடும். பின்வரிசைக்காரர்கள் சிரிப்பார்கள்தான், அவர்கள் ஒலியியலுக்கும் சிரிப்பார்கள், உந்துவிசைக்கும் சிரிப்பார்கள். இரண்டு நாள் சிரித்துவிட்டு மூன்றாம் நாள் தேர்வில் எழுதுவார்கள்.

இப்போதைக்கு நம் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: விரைதடம், விரைதட ரயில், ஜல்லியில்லாத் தடம். கடைசிச் சொல்லுக்கு 'பலகைத் தடம்' என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார், மரப்பலகை ஞாபகம் வருவதால் விட்டுவிட்டேன்.

மீதமிருப்பது அந்த 164 கி.மீ. பாலம். ஆற்றுப் பாலமும் இல்லை, மேம்பாலமும் இல்லை, வயலுக்கு மேல் கண்ணுக்கெட்டிய தூரம் தூண் தூணாகப் போகிறது. மேம்பாலம் என்றால் வாசகர் அண்ணா சாலையை நினைப்பார். 'நெடும்பாலம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், வூஹானில் யாங்சியைத் தாண்டுகிற தியன்சிங்சோ பாலத்துக்கு வெறும் பாலம் போதும். நெடும்பாலத்தைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், திங்களன்று கட்டுரையை ஏற்றிவிடுவேன்.