ஆறு சுமக்கும் நுண்மண்ணுக்கு ஒரு சொல்: ‘மிதவைச் சுமை’யா, ‘கலங்கல் சுமை’யா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆறுகளைப் பற்றிய பள்ளிப் பாடத்துக்கான சொற்பட்டியலில் அரித்தல், கடத்தல், படிதல் ஆகிய மூன்றும் நிலைபெற்றுவிட்டன. அவற்றை மீண்டும் எடுத்துப் பேசத் தேவையில்லை. ஆறு தன்னோடு கொண்டுபோகும் பொருள் அனைத்துக்கும் ‘சுமை’ என்ற பொதுச்சொல்லையும் நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் அச்சுமையின் வகைகளுள், அடித்தரையைத் தொடாமல் நீரோட்டத்தினுள்ளே பரவிச் செல்லும் நுண்மண்ணுக்கு ‘மிதவைச் சுமை’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மிதப்பது என்றால் நீரைவிட அடர்த்தி குறைந்திருப்பதால் மேலே நிற்பது என்றே மாணவர் அறிவியல் வகுப்பில் படித்திருப்பார். ஆற்றுமணலில் மிகுதியாகக் காணப்படும் குவார்ட்சின் அடர்த்தியோ நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு, களிமண் துகளும் நீரைவிட அடர்த்தி மிக்கதே. ஆகவே ஆற்று நீரில் எந்த மண்ணும் மிதப்பதில்லை, ஒவ்வொரு துகளும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆற்று நீர் ஏடு ஏடாகச் சீராக நழுவிச் செல்லாமல் சுழித்தும் புரண்டும் ஓடுவதால், மேலெழும் சுழல்கள் இறங்கும் துகளை மறுபடி மறுபடி தூக்கிவிடுகின்றன. அந்தத் தூக்கும் வேகம் துகள் இறங்கும் வேகத்தை விஞ்சி நிற்கும்வரை மண் நீரினுள்ளேயே பயணம் செய்கிறது. ஓட்டம் தளர்ந்ததும் படிகிறது. ‘மிதவை’ என்று படித்த மாணவரிடம் ஆற்று வளைவின் உட்புறத்தில் மணல் ஏன் சேர்கிறது, நீர்த்தேக்கத்தில் வண்டல் ஏன் நிறைகிறது என்று கேட்டால், மிதக்கும் பொருள் ஏன் திடீரென்று மூழ்கியது என்பதை அவர் எப்படி விளக்குவார்? சொல்லே அவரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது.

‘தொங்கு சுமை’ என்ற மாற்றுக்கு ஒரு வலுவான வாதம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கரையாத நுண்துகள்கள் நீர்மத்தில் பரவி நிற்கும் கலவைக்கு வேதியியல் பாடத்தில் ‘தொங்கல்’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது, ஒரே மாணவர் இரு பாடங்களிலும் ஒரே சொல்லைச் சந்திப்பது நல்லது என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. எனினும் தொங்குவதற்கு மேலே ஒரு பிடிப்பு வேண்டும். அச்சொல் அசையாமல் நிற்கும் நிலையையே காட்டுகிறது. வேதியியலுக்கு ஒரு கலவையின் நிலையைக் குறித்தால் போதும். ஆற்றைப் பற்றிய பாடத்துக்கோ மண்ணை மேலே வைத்திருக்கும் செயலே உயிர்நாடி.

எனவே ‘கலங்கல் சுமை’ என்று முன்மொழிகிறேன். கலக்கினால் கலங்கும், விட்டால் தெளியும் என்பது தமிழ் பேசும் எந்தக் குழந்தைக்கும் புதிதன்று. கலக்குதல், கலங்குதல் என்ற பிறவினை, தன்வினை இணையிலேயே காரணமும் விளைவும் அடங்கியிருக்கின்றன: ஓட்டம் கலக்குகிறது, மண் கலங்குகிறது. ‘தெளிதல்’ என்ற எதிர்ச்சொல்லோ படிதலுக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புதிதாக ஒன்றைப் புனைவதைவிட, மொழிக்குள் பொருத்தமாக இருக்கும் சொல்லை எடுத்து வரையறை செய்வதே பள்ளி நூலுக்கு ஏற்றது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதை வகுப்பறையில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டே காட்டிவிடலாம். சிறுகல், மணல், களிமண் மூன்றையும் நீரிலிட்டுக் கலக்கி நிறுத்தினால் கல் உடனே விழும், மணல் சில நொடிகளில் இறங்கும். களிமண்ணின் கலங்கலோ நெடுநேரம் நீடிக்கும், 0.002 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள் அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் இறங்குவதற்கு ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். தெளிந்த நீரை மட்டும் வடித்து ஒரு தட்டில் வற்றவிட்டால், அதில் கரைந்திருந்த உப்புகள் மெல்லிய வெண்படலமாக எஞ்சும். அடித்தரையை ஒட்டி நகரும் அடிச்சுமை, கலங்கல் சுமை, நீரில் கரைந்தே செல்லும் கரைந்த சுமை ஆகிய மூன்றும் ஒரே குடுவையிலிருந்து கிடைத்துவிடுகின்றன. (‘கரைசுமை’ என்று சுருக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆற்றைப் பற்றிய பாடத்தில் ‘கரை’ என்றதும் ஆற்றங்கரையே நினைவுக்கு வரும்.)

இச்சொல்லை ஒரு கடினமான எடுத்துக்காட்டிலும் சோதித்துப் பார்த்தேன். பிரேசிலில் மனாசு நகருக்கு அருகே ரியோ நீக்ரோ, சோலிமோயிசு என்ற இரு ஆறுகள் கூடி, பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கலவாமல் அருகருகே ஓடுகின்றன. ரியோ நீக்ரோவின் நீர் கறுத்திருந்தாலும் அதில் மண் மிகக் குறைவு. மட்கிய தாவரப் பொருள்கள் கரைந்திருப்பதால் வந்த நிறம் அது. வெளிறிய பழுப்பு நிறமுடைய சோலிமோயிசு ஆந்தீசு மலைகளின் வண்டலை ஏந்தி வருகிறது. முன்னது நிறமேறிய நீர், பின்னது கலங்கல் நீர் என்று தமிழில் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. ‘மிதவை’, ‘தொங்கல்’ இரண்டிலும் இந்த வசதி இல்லை.

இரண்டு தடைகள் எழும். ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலிங்குக்கும் பேச்சு வழக்கில் ‘கலங்கல்’ என்ற பெயர் உண்டு. பாசனத்தைப் பற்றிய பாடத்தில் அதனை எப்போதும் ‘கலிங்கு’ என்றே அச்சிட்டால் குழப்பம் நேராது. அடுத்தது சற்று நுட்பமானது. நீர் ஆய்வில் ‘கலங்கல் தன்மை’ என்று வழங்குவது, நீரிலுள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. நாம் சொல்லும் சுமையோ குறிப்பிட்ட நேரத்தில் ஆறு கடத்தும் மண்ணின் நிறை. ஒன்று கூடினால் மற்றதும் பெரும்பாலும் கூடும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகையால் ‘சுமை’ என்ற சொல்லை எவ்விடத்திலும் விட்டுவிடக் கூடாது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகவே குறிக்கிறேன். மணல் அடித்தரையில் எழும்பி எழும்பி விழுந்து செல்வதற்குத் ‘துள்ளல்’ சரியானது. ‘தாவல்’ என்றால் உயிருள்ளது தானாகப் பாய்வதுபோல் ஒலிக்கிறது. கற்கள் நகர்வதற்கு ‘உருளல்’ என்பது மட்டும் போதாது, தட்டையான கற்கள் உருளாமல் சறுக்கிச் செல்வதால் ‘உருளலும் சறுக்கலும்’ என்று இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம்.

புணர்ச்சி விதிப்படி ‘கலங்கற்சுமை’ என்றே எழுத வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். இலக்கணம் அதற்கு இடம் தந்தாலும், முதன்முறை படிக்கும் மாணவருக்குக் ‘கலங்கல்’ என்ற சொல் முழு உருவோடு கண்ணில் படவேண்டும் என்பதால், பள்ளி நூல்களில் ‘கலங்கல் சுமை’ என்று பிரித்தே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.