எமினென்ட்: இந்தச் சொல்லை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

மெய்ப்பாளர்:
அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை ஆங்கிலம் தொல்லை தராது. எல்லாம் பழகிய வரிகள். கல்லூரி விழா அழைப்பிதழ் வந்தால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வேன். அப்படி வந்த ஒரு மேட்டரில் சிறப்பு விருந்தினரை 'இமினென்ட் சயின்டிஸ்ட்' ஆக்கியிருந்தார்கள். எமினென்ட் என்றால் தன் துறையில் தலையெடுத்து நிற்பவர். இமினென்ட் என்றால் இதோ வந்து விழப்போவது. புயல், போர், ராஜினாமா மாதிரி சங்கதிகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். முன்னதற்கு ஒரு எம், பின்னதற்கு இரண்டு. இரண்டுமே அகராதியில் உள்ளவை என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. டிடிபி செய்த தம்பியைக் கேட்டால், "விஞ்ஞானி அடுத்த வாரம் வரப்போறார்தானே சார், சரியாத்தான இருக்கு?" என்கிறான். அதற்கு என்ன பதில் சொல்ல? கல்லூரிக்கு போன் போட்டு மாற்றினோம்.

இலையை எலை என்றும் இடத்தை எடம் என்றும் சொல்லும் வாய் நமக்கு. காதால் கேட்டு எழுதினால் இந்த ஜோடி இடம் மாறத்தான் செய்யும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கட்டைவிரல்:
எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது பிசியோதெரபி படிக்கும்போது, அனாடமி வகுப்பில். உள்ளங்கையில் கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்கிறதே ஒரு சதை, அதற்கு தீனார் எமினென்ஸ் என்று பெயர். சுண்டுவிரல் பக்கத்து மேடு ஹைப்போதீனார் எமினென்ஸ். லத்தீனில் எமினேரே என்றால் துருத்திக்கொண்டு நிற்பது. புகழும் பெருமையும் அந்த மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்த பொருள்கள்.

கார்ப்பல் டனல் முற்றிப்போனால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தி, கட்டைவிரல் மேடு வற்றித் தட்டையாகிவிடும். ஒரு பெரியவருடைய கேஸ் ஷீட்டில் எமினென்ஸ் குறைந்திருப்பதாக எழுதினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். எட்டிப் பார்த்துவிட்டு, "அது ரிட்டயர் ஆன அன்னைக்கே குறைஞ்சிடுச்சும்மா" என்றார்.

வாய்க்கால்காரன்:
எங்கள் பக்கம் புறவழிச்சாலைக்கு நிலம் எடுத்தபோது அப்பாவோடு வக்கீல் ஆபீசுக்கு அலைந்தேன். அங்கே ஒரு பழைய தீர்ப்பின் நகலில் 'எமினென்ட் டொமைன்' என்று போட்டிருந்தது. டொமைன் என்றால் வெப்சைட்டுக்குக் காசு கட்டி வாங்குவது என்றுதான் எனக்குத் தெரியும். வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். பட்டா நம் பேரில் இருக்கலாம். ஆனால் அதற்கும் மேலே அரசுக்கு ஓர் உரிமை இருக்கிறது. பொதுக் காரியம் என்றால் நம் சம்மதம் இல்லாமலும் எடுக்கலாம், இழப்பீடு தர வேண்டும். 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் லத்தீனில் எழுதிய நூலிலிருந்து கிளம்பி வந்த தொடர் இது. இந்த எமினென்ட்டில் பெரிய மனிதர் யாரும் கிடையாது. மற்றவர் உரிமைக்கு மேலே நிற்கும் உரிமை, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் காலத்து 1894 நில எடுப்புச் சட்டம் போய் 2013 சட்டம் வந்த பிறகு கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை கிடைக்க வழி உண்டு என்றும் சொன்னார். சொத்துரிமை 1978இலேயே அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது, இப்போது சட்டப்படி அல்லாமல் யார் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 300ஏ பிரிவுதான் நமக்குப் பிடிமானம் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல நிக்கிறவன் கீழ குனிஞ்சு பாக்க மாட்டானாம்மா?" என்றார். "பார்க்க வைக்கத்தானே ஐயா கோர்ட்டுக்குப் போறோம்."

கவுன்சலிங் அம்மா:
வாய்க்கால்காரன் தம்பி சொன்ன 'மேலே நிற்பது' எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. மகளுக்குக் கல்லூரி தேடிய காலத்தில் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் எமினென்ஸ்' என்று எல்லாரும் பேசினார்கள். மத்திய அரசு சில உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்த சிறப்புத் தகுதி அது. தமிழ்ப் பேப்பர்களில் ஒரு நாள் சீர்மிகு என்பார்கள், ஒரு நாள் உயர்சிறப்பு என்பார்கள். சென்னை ஐஐடிக்கு 2019இல் கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகம் வரிசையில் நின்றது, ஆனால் 2020இல் மாநில அரசே வேண்டாம் என்றுவிட்டது. இடஒதுக்கீடு என்ன ஆகும், பணம் யார் போடுவது என்று பெரிய விவாதம்.

ஆனால் எனக்கு மறக்காதது 2018 ஜூலையில் வந்த முதல் பட்டியல். பெங்களூரு ஐஐஎஸ்சி, டெல்லி, மும்பை ஐஐடிகள், பிட்ஸ் பிலானி, மணிப்பால், கூடவே அப்போது தொடங்கப்படவே இல்லாத ஜியோ இன்ஸ்டிடியூட். புதிதாக வரப்போகும் நிறுவனங்களுக்கென்று விதியில் தனிப் பிரிவு இருந்தது, அதில்தான் தேர்வானது என்று அரசு சொன்னது. விதிப்படி சரிதான். ஆனாலும் ஒரு பேட்ச் பிள்ளைகூடப் படித்து வெளியே வராத இடத்துக்கு எமினென்ஸ் எங்கிருந்து வரும்? அது நாலு பேர் பார்த்துச் சொல்ல வேண்டியது. விண்ணப்பம் போட்டு முன்கூட்டியே வாங்குவது இல்லை என்பது என் கட்சி. செய்தியைப் படித்துவிட்டு மகள் சொன்னாள்: "அது எமினென்ஸ் இல்லம்மா, இமினென்ஸ்."

மெய்ப்பாளர்:
அம்மா, லீவில் அந்தப் பிள்ளையை எங்கள் அச்சகத்துக்கு அனுப்புங்கள். சம்பளமே தருகிறோம்.

பயிற்சி வகுப்பு:
போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். மாணவர்கள் எமினென்ட் என்றால் ஃபேமஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு ரீல்ஸ் ஓடினால் ஃபேமஸ் ஆகிவிடலாம். எமினென்ட் ஆக, அந்தத் துறைக்காரர்களே ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். அதனால்தான் பெரும்பாலும் பின்னாலேயே தொழில் வருகிறது: எமினென்ட் சர்ஜன், எமினென்ட் ஹிஸ்டாரியன். வேலை விண்ணப்பத்தில் தன்னையே எமினென்ட் என்று எழுதுகிற பிள்ளைகளின் தாளில் அந்த இடத்தை மட்டும் சுழித்துக் கொடுத்துவிடுவேன். எமினென்ட்லி என்று வந்தால் கதை வேறு. எமினென்ட்லி சூட்டபிள் என்றால் மிக மிகப் பொருத்தம், அதில் புகழுக்கு வேலையில்லை.

அப்புறம் டிஸ்டிங்விஷ்ட். எமினென்ட்டுக்கு ரொம்ப நெருக்கமான சொல்தான், ஆனால் சேவை, பணி போன்றவற்றோடும் இயல்பாகச் சேரும். பத்மஸ்ரீ கொடுப்பதே 'டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்' என்பதற்காகத்தான். அந்த இடத்தில் எமினென்ட் ஒட்டாது. சட்டம் படிப்பவர்களுக்கு ஒரு சுவாரசியம். அரசியலமைப்பின் 124வது பிரிவுப்படி, நீதிபதியாகவோ வழக்கறிஞராகவோ இல்லாதவரையும் 'டிஸ்டிங்விஷ்ட் ஜூரிஸ்ட்' (ஜூரிஸ்ட் என்றால் சட்ட அறிஞர்) என்று குடியரசுத் தலைவர் கருதினால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக்கலாம். இதுவரை அந்த வழியில் ஒருவரும் வந்ததில்லை. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான 2013 சட்டத்திலோ, தேர்வுக் குழுவில் இருக்க வேண்டியவர்களில் ஒருவர் 'எமினென்ட் ஜூரிஸ்ட்'. இரண்டு சட்டமும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. தேர்வில் இரண்டையும் மாற்றிப் போட்டு ஆப்ஷன் கொடுப்பார்கள், பார்த்து டிக் அடியுங்கள்.