'டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ்': என் ஓட்டு 'இருப்புக்குறை'க்கு

வணக்கம் எல்லாருக்கும்,

டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜுக்கு, அதாவது நிறைஞ்ச பேட்டரில எத்தன சதவீதம் காலியாயிருக்குங்கற அளவுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஐயா எழுதின மடலையும் ('மின்னிறக்க ஆழம்'), அதுக்கு அக்கா எழுதின பதிலையும் ('செலவு') ரெண்டு மூணு தடவ படிச்சுட்டுதான் எழுதறேன். கேம்பர் வேன்ல சோலார், பேட்டரி போடறவங்களுக்கான கையேட்டுல பேனல், இன்வெர்ட்டர், ஃபியூஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும், வாய்ல புழங்கற சொல்ல புடுங்க வேண்டாம்னு முடிவு பண்ணினதுல எனக்கும் சம்மதம்தான். ஆனா டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ அந்த வரிசைல சேக்காதீங்க. அது வெறும் பேர் இல்ல, பேட்டரிய எப்ப நிறுத்தணும்னு பாத்துக்கற பெட்டியோட மெனுவுல நம்ம கிட்ட கேக்கற ஒரு எண்ணு, அர்த்தம் புரியாம போட்டா ராத்திரில நிக்க வச்சுரும்.

என்னைய நிக்க வச்சுச்சு. முதல்ல ரெண்டு வருஷம் ஈய அமில பேட்டரி வச்சிருந்தேன், அதுல 50-ன்னு போட்டு ஓட்டினேன், ஒரு பிரச்சனையும் வரல. ஏன் வரலன்னு இப்பதான் புரியுது. 50 எடுத்தாலும் 50 மிச்சம் வச்சாலும் ஒரே இடந்தான, அதனால அந்த எண்ணு எதக் குறிக்குதுன்னு நான் யோசிக்கவே தேவப்படல. அப்புறம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினேன், 100 ஆம்பியர்-அவர், 12.8 வோல்ட், அதாவது 1280 வாட்-அவர். 20 சதவீதம் அடில மிச்சம் வைக்கணும்னு கேள்விப்பட்டிருந்தேன், மெனுவுல டி.ஓ.டி-ன்னு (டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜோட சுருக்கம்) கேட்டுச்சு, 20-ன்னு தட்டிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு ஃபேன் நின்னு முழிப்பு வந்துச்சு. ஃபிரிட்ஜும் ஆஃப். உள்ள அம்மாவோட பிரிக்காத இன்சுலின், 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டியது. ஸ்க்ரீன பாத்தா மிச்ச சார்ஜ் 80-ன்னு காட்டுது! செல்போன் லைட்டுல வயர் முனைல இருக்கற ஒவ்வொரு லக்கையும் அசைச்சுப் பாத்தேன், ஃபியூஸ கழட்டிப் பாத்தேன், மல்டிமீட்டர வச்சா 13.3 வோல்ட், பேட்டரி கல்லு மாதிரி நல்லா இருக்கு. புது பேட்டரியோட பி.எம்.எஸ் (உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட்) போச்சுன்னே நெனச்சுட்டேன். விடிஞ்சப்புறம் மேனுவல எடுத்து உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, 20 எடுத்தவுடனே நிறுத்துன்னு நானேதான் சொல்லி வச்சிருக்கேன். கணக்கும் சரியா இருந்துச்சு: 1280-ல 20 சதவீதம் 256 வாட்-அவர், ஃபிரிட்ஜும் ஃபேனும் சும்மா ஓடற இன்வெர்ட்டரும் சேந்து மணிக்கு நாப்பது சொச்சம் வாட்-அவர் தின்னா ஆறு மணி நேரந்தான். நான் போட்டிருக்க வேண்டியது 80.

இப்ப சொல்லுக்கு வரேன். ஐயா சொன்ன 'மின்னிறக்க ஆழம்' பாடப்புத்தகத் தமிழுக்கு நெருக்கமாத்தான் இருக்கு, மின்னிறக்கக் குழாய்னு (டிஸ்சார்ஜ் ட்யூப்) நாம படிச்சதே. ஆனா 'ஆழம்' எனக்கு இடிக்குது. கிணத்துல தண்ணி இருபதடி ஆழம்னு ஒருத்தர் சொன்னா என்ன புரிஞ்சுக்குவீங்க? இருபதடிக்குத் தண்ணி நிக்குதுன்னா, இல்ல இருபதடிக்குக் கீழ கெடக்குதுன்னா? ரெண்டுக்கும் அதே சொல்லத்தான் சொல்றோம். நான் மாட்டினதும் அதே முடிச்சுலதான்.

சரி, சார்ஜ் ஏறுது இறங்குதுன்னு ஜனங்களே பேசறாங்களே, வெறும் 'இறக்கம்' போதாதான்னு யோசிச்சேன். அதுலயும் ஒரு வேற்றுமை உருபு உயிர வாங்குது. '80 இறக்கலாம்'னா இருபதுக்கு வந்து நிக்கும். '80-க்கு இறக்கலாம்'னா எண்பதுலயே நிக்கும். ஒரு 'க்கு' விட்டுப்போனா அர்த்தம் தலைகீழ்.

அக்கா சொன்ன வரவு–செலவு–இருப்பு ரொம்ப அழகு, அதுல 'இருப்பு' நூத்துக்கு நூறு பொருந்துது, ஸ்டேட் ஆஃப் சார்ஜுக்கு, அதாவது பேட்டரில மிச்சமிருக்கற சதவீதத்துக்கு, வேற சொல் தேட வேண்டியதே இல்ல. பேனல்ல வர்றது வரவு, அதுவும் சரி. ஆனா டி.ஓ.டி-க்கு 'செலவு' ஒட்டாது அக்கா. நல்ல வெயில் நாள்ல 200 வாட் பேனல் 700 வாட்-அவர் தருது, நானும் 700 செலவு பண்றேன்னு வைங்க. செலவு 700. ஆனா சாயங்காலம் பேட்டரி காலைல இருந்த அதே இடத்துல நிக்குது. செலவு ஓடிட்டே இருக்கறது, டி.ஓ.டி நிறையறதுக்கு இன்னும் எவ்வளவு இடம் காலியா கெடக்குங்கற அளவு. போன வாரம் நான் முன்வச்ச 'இறைப்பு'ம் இதே காரணத்தால விழுது, இறைச்சத பகல்ல ஊத்தி நிரப்பிட்டா அந்த எண்ணுக்கு அர்த்தமில்லாம போயிருது, அதனால அத வாபஸ் வாங்கிக்கறேன்.

நிறையறதுக்கு எவ்வளவு பாக்கியோ அதுக்கு நம்ம கிட்ட 'குறை'ன்னு சொல் இருக்கு. நூத்துக்கு அஞ்சு குறை, குறைகுடம், எல்லாம் அந்த அர்த்தந்தான. 'மின்குறை'ன்னு வச்சா கரண்ட் தட்டுப்பாடு மாதிரியோ பழுது மாதிரியோ கேக்குது, அதனால 'இருப்புக்குறை'. இருப்பும் இருப்புக்குறையும் கூட்டினா 100, பேர்லயே அது தெரியுது. '80-க்கும் குறைவு'ன்னு குழப்பலாமேன்னு யாராவது கேப்பீங்க, உண்மதான், ஆனா 'இருப்புக்குறை 80'ன்னு பெயர்ச்சொல்லா எழுதிட்டா அந்த வாசல் பெரும்பாலும் அடைபடுது.

வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "ஈய அமில பேட்டரில இருப்புக்குறை 50-ஐத் தாண்ட விடாதீங்க, அடிக்கடி அதுக்கு மேல போனா, நிரப்பாம போட்டு வச்சாலும்தான், தகட்டுல ஈய சல்பேட் படிகம் இறுகிப்போய் கொள்ளளவு திரும்ப வராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல 80 வரை தாராளமா போகலாம்." ஈயத்துல வோல்ட்ட வச்சே ஓரளவு ஊகிக்கலாம், ஓய்வுல 12.7 இருந்தா நிறைவு, 12.1 பக்கம் வந்தா பாதி. லித்தியத்துல இருப்பு 90-லேர்ந்து 30 வரைக்கும் வோல்ட் கிட்டத்தட்ட அசையவே அசையாது, ஷன்ட் (உள்ள போற, வெளிய வர்ற கரண்ட அளக்கற கருவி) எண்ணிச் சொல்ற சதவீதத்த நம்பித்தான் ஆகணும். அதனாலதான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டறேன்.

இன்னொண்ணு, சில பெட்டில டி.ஓ.டி கேக்காம குறைஞ்சபட்ச சார்ஜ் கேப்பான், அதுக்கு 'அடியிருப்பு' சரியா வருமா? இருப்புக்குறை வரம்பு 80, அடியிருப்பு 20. நான் ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதி பெட்டி மேல ஒட்டிட்டேன், அம்மா படிச்சுட்டு எதையும் கேக்காம சரியா புரிஞ்சுக்கிட்டாங்க. உங்க வீட்லயும் பேட்டரி பக்கமே போகாத ஒருத்தர் கிட்ட காட்டிட்டு, எங்க தடுக்குனாங்கன்னு எழுதுங்க.