குமுளிக் கடை – கம்பம் கிடங்கு (குடும்பக் குழு)

அப்பா, காலை 7:42
இன்டர்காம் பார்க்க வந்தவர், பெட்டியையும் அதில் உள்ள போன்களையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு எல்லா மேசைக்கும் இன்டர்நெட் போன் போடச் சொல்கிறார். கடைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் நன்றாகத்தானே பேசுகின்றன? ஏலக்காய் உலர்த்தும் வண்டன்மேடு ஸ்டோருக்கும் கம்பம் கிடங்குக்கும் லைன் இல்லை என்பது மட்டும்தான் குறை. தம்பி, நீ பார்த்துச் சொல்.

சித்தப்பா, 7:50
கைபேசி இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு, அண்ணே?

அத்தை, 7:53
ஸ்டோருக்குள் கைபேசி எங்கே எடுக்கிறது? பேச வேண்டுமென்றால் வெளியே வந்து பாறை மேல் ஏற வேண்டும். உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டினால் காயின் பச்சை நிறம் போய்விடும். அப்புறம் ஏலத்தில் யார் விலை கேட்பார்கள்?

தம்பி, 8:20
எதையும் கழற்ற வேண்டாம், அப்பா. இன்டர்காமையும் இன்டர்நெட்டையும் இணைக்க நடுவில் கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி போதும். அக்கா, இன்டர்காமில் போன் மாட்டாத காலி எக்ஸ்டென்ஷன் (உள் லைன்) இருக்கிறதா?

நான், 8:41
[படம்] 31, 32 இரண்டும் காலி. நீலம்-வெள்ளை ஜோடி 31, ஆரஞ்சு-வெள்ளை ஜோடி 32. பழைய போனை மாட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் டயல் டோன் வருகிறது.

தம்பி, 8:55
அது போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்வேயில் இரண்டு வகை உண்டு. எஃப்.எக்ஸ்.எஸ். என்பது போனுக்கு மின்சாரமும் டயல் டோனும் மணியும் கொடுக்கிற பக்கம். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது போனைப் போலவே அதை வாங்கிக்கொள்கிற பக்கம். நம் இன்டர்காமின் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே கொடுக்கிற பக்கம். அதனால் நமக்கு வேண்டியது இரண்டு எஃப்.எக்ஸ்.ஓ. வாய்கள். மாற்றி வாங்கினால் இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்துக்கொண்டு நிற்கும், பேச்சு நடக்காது. இன்டர்காமுக்குள் இருக்கும் கார்டும் கெட்டுப்போகலாம்.

சித்தப்பா, 8:58
இரண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டார் என்றால் கல்யாணம் எப்படி நடக்கும்!

தம்பி, 9:04
அதேதான், சித்தப்பா. ஸ்டோர் போனும் கிடங்கு போனும் பதிந்துகொள்ள, கடையில் இருக்கும் பழைய கணினியில் ஆஸ்டரிஸ்க் போட்டுவிடலாம். கணினியையே ஒரு எக்ஸ்சேஞ்சாக மாற்றுகிற, 1999இல் வந்த இலவச மென்பொருள். ஸ்டோருக்கு 41, கிடங்குக்கு 42. கடையில் யாராவது 31ஐ அழைத்தால் 41 அடிக்கும், 32ஐ அழைத்தால் 42 அடிக்கும். அங்கிருந்து அழைத்தால் கடையின் டயல் டோன் கேட்கும், வேண்டிய மேசை எண்ணைப் போட வேண்டியதுதான். ஒரு பேச்சுக்கு இரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். உங்கள் ஃபைபருக்கு அது ஒன்றுமே இல்லை.

நான், 9:15
பேசி முடித்து நான் போனை வைத்துவிட்டால் அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தம்பி, 9:31
நல்ல கேள்வி, அக்கா. இந்த வேலையில் பாதித் தலைவலி அங்கேதான். நீங்கள் வைத்ததும் இன்டர்காம் 31இல் ‘பிஸி’ டோன் கொடுக்கும். கேட்வே அந்த ஒலியை அடையாளம் கண்டு லைனை விட வேண்டும். காணாவிட்டால் யாரும் பேசாமலேயே 31 விடிய விடிய எங்கேஜாக இருக்கும். நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகளில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். ஆனால் இன்டர்காம் பெட்டிகள் அதையே பின்பற்றும் என்று நம்ப முடியாது. ஒரு போனிலிருந்து 31ஐ அழைத்துப் பேசி, நீங்கள் வைத்த பிறகு 31இல் கேட்கிற ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். அதை அளந்து கேட்வேயில் எழுதிவிடுகிறேன்.

நான், 10:02
[ஒலிப்பதிவு]

தம்பி, 10:20
அரை விநாடி, அரை விநாடி. நினைத்தது சரிதான். பெட்டியோடு வருகிற அமைப்பை அப்படியே விட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம்.

சித்தப்பா, 10:34
அப்படியானால் கிடங்கிலிருந்தே கடை லைனைப் பிடித்து, 0 போட்டுக் கட்டப்பனை வியாபாரியை அழைக்கலாமே? அவருக்கும் நம் 04869 எண்ணே தெரியும்.

தம்பி, 10:41
அது மட்டும் கூடாது, சித்தப்பா. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளத் தொலைத்தொடர்பு வட்டம், நீங்கள் இருப்பது தமிழ்நாடு வட்டம். இன்டர்நெட்டில் எல்லை தாண்டி வருகிற குரலை உரிமம் இல்லாமல் அங்குள்ள பொது லைனுக்குள் விடுவது சட்டப்படி தவறு. வெளியிலிருந்து கடைக்கு வருகிற அழைப்பைக் கிடங்குக்குத் திருப்பிவிடுவதும் அப்படித்தான். 2018இல் இன்டர்நெட் தொலைபேசிக்குக் கிடைத்த அனுமதி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு. 2021இல் கோழிக்கோட்டில் உரிமம் இல்லாத இணைத் தொலைபேசி நிலையங்களைப் போலீசார் பிடித்தது நினைவிருக்கிறதா? அது வெளிநாட்டு அழைப்புகளைத் திருப்பிவிட்ட பெரிய மோசடி. நம்முடையது சின்னது என்பதால் சரியாகிவிடாது.

அப்பா, 10:46
நம் வீட்டுக்கு அந்த வேலை வேண்டாம். 31, 32இலிருந்து 0 போட்டாலும் வெளி லைன் கிடைக்காதபடி இன்டர்காமிலேயே அடைத்துவிடச் சொல். வெளி அழைப்பை அந்த இரண்டுக்கும் மாற்றிவிடவும் முடியக் கூடாது.

தம்பி, 10:50
அதைத்தான் சொல்ல வந்தேன், அப்பா. இன்னொரு பயனும் உண்டு. இந்தக் கணினியை இன்டர்நெட்டில் திறந்து வைத்தால் எங்கிருந்தோ ஒருவன் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, ராத்திரியெல்லாம் வெளிநாட்டுக்கு அழைத்துத் தள்ளுவான். வெளி லைன் அடைபட்டிருந்தால் அவனால் பில் ஏற்ற முடியாது. ஆனாலும் 41க்குக் கடவுச்சொல் 41 என்று வைக்கவே கூடாது. இரண்டு இடமும் வி.பி.என். என்கிற மறையாக்கப்பட்ட தனி வழியாக மட்டும் சேரட்டும்.

அத்தை, 11:12
கரன்ட் போனால்? பழைய போன் இன்டர்காம் பேட்டரியில் பேசும். ஐப்பசி இடியில் இரண்டு கார்டு போனதையும் மறந்துவிடாதீர்கள்.

தம்பி, 11:25
இன்டர்நெட் போன், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் யூ.பி.எஸ். கட்டாயம், அத்தை. ஸ்டோரில் ஜெனரேட்டர் எடுக்கிறவரை தாங்கினால் போதும். ஃபைபர் இழையில் மின்சாரம் பாயாது, அதனால் அந்த வழியில் இடி கடைக்குள் வராது. செம்புக் கம்பி கேட்வேக்கும் இன்டர்காமுக்கும் நடுவே ஒரு முழம்தான். வெளி லைன்களுக்கு மட்டும் சர்ஜ் தடுப்பான் போட்டு, எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

அத்தை, 11:31
எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியே ரொம்ப நாளாயிற்று. இன்றைக்கே ஊற்றச் சொல்கிறேன்.

அப்பா, 11:40
சரி, வாங்கிவிடு. பில் 32இல் தொடங்கும் கேரள ஜி.எஸ்.டி. எண்ணுக்கு, குமுளிக் கணக்கில் இருக்கட்டும்.

சித்தப்பா, 11:41
கிடங்குப் போனும் அதே பில்லிலா, அண்ணே?

அப்பா, 11:43
அதற்கு 33, தமிழ்நாட்டு எண்.