அந்தமான் போனால் ஸ்பெல்லிங் வருமா?

அலைகடல்:
மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள், எழுதச் சொன்னால்தான் வரிக்கு இரண்டு பிழை. பொங்கல் லீவில் அந்தமான் போனோம். ஒரு சின்ன நோட்டைக் கையில் கொடுத்து, கண்ணில் படுகிற புதுச் சொல்லையெல்லாம் எழுதிக்கொள் என்றேன். ஆறு நாளில் 43 சொற்கள்! லகூன், மாங்குரோவ், கோரல், ஸ்நார்கல், ரூயின்ஸ்... வீட்டில் டிக்‌ஷனரியோடு உட்கார வைத்திருந்தால் நான்காவது சொல்லிலேயே தூங்கியிருப்பாள். ஆங்கிலம் படிக்கத் தீவுப் பயணம் மாதிரி வராது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

இட்லிப்பொடி:
நாலு பேர் போய்வர எவ்வளவு ஆச்சு சார்? 80,000 என்று வைத்தாலும் ஒரு சொல்லுக்கு 1,860 ரூபாய் விழுகிறது. எங்கள் தெரு டியூஷனில் மாதம் 600-தான்.

சாக்பீஸ்:
செலவை விடுங்கள். நான் 22 வருடமாக ஆங்கிலப் பாடம் எடுக்கிறவள். சொல்லைத் தெரிந்துகொள்வது வேறு, எழுத்துக்கூட்டுவது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். பவளப் பாறையைப் பார்த்தால் 'கோரல்' என்றால் என்ன என்று புரியும், மறக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு 'எல்'லா, இரண்டு 'எல்'லா என்று மீன் வந்து சொல்லுமா? அது கையால் எழுதி எழுதித்தான் வரும்.

அப்புறம், 'ஐலண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சத்தமே போடாத எஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்த எஸ் கிடையாது. 'ஐல்' என்று பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல் உண்டு. அது லத்தீன் 'இன்சுலா'வின் வழி. இரண்டும் ஒரே குடும்பம் என்று தப்பாக நினைத்து, 15, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் இதிலும் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். நூறு தீவு சுற்றினாலும் இது தெரியவராது. வகுப்பில் ஒரு தடவை கதையாகச் சொன்னால் பிள்ளைகள் எஸ்ஸை விடவே மாட்டார்கள்.

அலைகடல்:
கதை அருமை மேடம், இன்று ராத்திரியே சொல்கிறேன். ஆனால் எங்களுக்கும் ஒரு கதை கிடைத்தது. போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) படகு ஏறுகிற இடத்தில் 'ஃபீனிக்ஸ் பே ஜெட்டி' என்று பெரிய பலகை. என் மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அத்தனை கூட்டத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தம்பிக்கும் சொல்லிக்கொடுத்து இரண்டு பேரும் "ஜெட்டிக்குப் போறோம், ஜெட்டிக்குப் போறோம்" என்று ஒரே கூத்து. மானம் போனது. ஆனால் ஜே-இ-டி-டி-ஒய், இரண்டு டி, இந்த ஜென்மத்தில் மறக்காது.

கப்பல்மணி:
ஒரு சந்தேகம். அந்தமானில் யார் ஆங்கிலம் பேசினார்கள்? நான் போனபோது ஆட்டோக்காரர் இந்தி, மீன் கடைக்காரர் வங்காளம், படகுக்காரர் "எந்த ஊரு தம்பி? நமக்கு ராமநாதபுரம் பக்கம்" என்று தமிழில் விசாரிக்கிறார். ஆறு நாளில் நான் கேட்ட ஆங்கிலம், "லைஃப் ஜாக்கெட் கம்பல்சரி" மட்டும்தான். நீங்கள் படித்தது தீவை அல்ல, பலகையை. பலகை படிக்க எக்மோர் போதாதா?

மண்டபம்_காத்து:
எக்மோரில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கா அண்ணா? பயந்து படித்த சொல் மறக்குமா?

நான் கடலோரத்துக்காரன், அதனால் இன்னொன்று சொல்கிறேன். தீவுக்குப் போகிற ஆங்கிலத்தில் பாதி நம்ம கரைச் சரக்கு. கட்டுமரம்தான் 'கேட்டமரான்' ஆனது. 'காயர்' என்பது நம்ம கயிறு, மலையாளத்துக் கயறு. 'கொப்ரா', கொப்பரை. 'அட்டோல்', அதாவது வளையம் மாதிரி இருக்கிற பவளத் தீவு, மாலத்தீவு மொழியிலிருந்து போனது. பிள்ளைக்கு இதைக் கடலைக் காட்டிச் சொல்லும்போது ஆங்கிலம் அந்நியமாகத் தெரியாது.

சாக்பீஸ்:
அழகுதான் தம்பி. ஆனால் அதுவே ஸ்பெல்லிங்குக்கு எதிரி. கயிறு தெரிந்தவன் 'காயர்' எழுதும்போது கே போட்டு ஆரம்பிப்பான். அவர்கள் எழுதுவதோ சி-ஓ-ஐ-ஆர்.

அலைகடல் சார், ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த நோட்டை இப்போது பார்த்தீர்களா? எழுதியது சரியாகத்தான் இருக்கிறதா?

அலைகடல்:
மாட்டிக்கொண்டேன். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ராஸ் தீவில் (2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) வெள்ளைக்காரர்கள் கட்டிய கட்டடங்களை ஆலமர வேர் கவ்விக்கொண்டு நிற்கும். பேக்கரி, சர்ச், சீஃப் கமிஷனர் வீடு என்று எதிரே பலகை வைத்திருக்கிறார்கள். மான்கள் காலுக்கடியில் சுற்ற, அந்தப் பலகை முன்னாலேயே நின்று எழுதினாள். 'கமிஷனர்' என்பதில் ஒரே எம், ஒரே எஸ். பார்த்துக்கொண்டே தப்பாக எழுதியிருக்கிறாள்!

'ஸ்நார்கலிங்' இரண்டு விதமாக இருக்கிறது. கரையில் ஒரு கடையில் ஒரு எல், அடுத்த கடையில் இரண்டு எல்.

சாக்பீஸ்:
அது மட்டும் பிழை இல்லை சார். இரண்டு எல் பிரிட்டிஷ் வழக்கம், ஒரு எல் அமெரிக்க வழக்கம். பரீட்சையில் ஏதாவது ஒன்றைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கமிஷனருக்கு மன்னிப்பு கிடையாது.

இட்லிப்பொடி:
ஆக 43-இல் கழித்துக்கொண்டே வருகிறோம். ஒரு சொல்லின் விலை ஏறுகிறது.

மண்டபம்_காத்து:
'பாய்' எழுதியிருக்காளா, கடலில் மிதக்குமே? எங்கள் ஊரில் போயா என்போம். ஸ்பெல்லிங்கில் பெரியவர்களே விழுகிற குழி அது.

அலைகடல்:
நோட்டை மூடிவைத்துவிட்டு இப்போதுதான் டிக்டேஷன் வைத்தேன். மிதவைக்கு பி-யு-ஓ-ஒய், தயங்காமல் எழுதினாள். எப்படி என்று கேட்டதற்கு, "யு-வை விட்டால் பையன் தண்ணியில மிதப்பான்பா" என்கிறாள். கமிஷனருக்கு இந்த முறை இரண்டு எம், ஒரு எஸ்.

சாக்பீஸ்:
அரை மார்க்.